மணலில் புதையாத நடைவண்டி: 4 வயது மகளுக்கு இங்கேயே செய்ய முடியுமா?

முத்துச்சிப்பி · ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம், தென்கடல் ஓரத்தில் எங்கள் வீடு. மகளுக்கு 4 வயது 3 மாதம். குறைமாதத்தில் பிறந்தவள். பெருமூளை வாதம் என்று ஒன்றரை வயதில் சொன்னார்கள். பேச்சு தெளிவு, கைகள் நன்றாக வேலை செய்கின்றன. இரண்டு காலிலும் இறுக்கம். பிடித்து நிறுத்தினால் கால்கள் கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும், குதிகால் தரையைத் தொடாது. வீட்டுக்குள் தவழ்ந்தே எல்லா இடத்துக்கும் போய்விடுவாள்.

சென்ற வருடம் ஒரு முகாமில் வாக்கர் கொடுத்தார்கள். அளவு எடுக்கவில்லை. இரும்புக் குழாய், முன்னால் இரண்டு சின்னச் சக்கரம். சிமெண்டுத் தரையில் நாலு அடி வைப்பாள். வாசலைத் தாண்டினால் மணல். முதல் நாளே சக்கரம் புதைந்து முகம் குப்புற விழுந்தாள். ஏழு மாதத்தில் துரு ஏறி, சக்கரம் சுற்றுவதே நின்றுபோனது.

அவள் அப்பா நாட்டுப்படகில் போகிறவர். காலையில் படகு கரையேறும்போது இவள் அங்கே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து 60 அடிதான். இதுவரை நான் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது பாதி வழியில் நெளிகிறாள். "இறக்கி விடும்மா, நானே வாரேன்" என்கிறாள். இறக்கி விட்டால் மணலில் தவழ்கிறாள், முழங்கால் தோல் உரிகிறது, வெயில் ஏறினால் மணல் சுடுகிறது.

மணலில் போகக்கூடிய, உப்புக்காற்றைத் தாங்கக்கூடிய ஒன்றை உள்ளூரில் செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைபர் படகு · ஞாயிறு இரவு

அக்கா, நான் பாம்பனில் பைபர் படகு ஒட்டுகிற வேலை செய்கிறேன். அச்சு எடுத்து உட்காரும் இடம், பிடி எல்லாம் பைபரிலேயே செய்துவிடலாம். படகையே தாங்குகிற பொருள், உப்பு ஒன்றும் செய்யாது. கூலி வேண்டாம்.

துருவைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் என்றதும் நம்பி வாங்கிவிடாதீர்கள். பாத்திரத்துக்கு வரும் 304 ரகம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி வைக்கும். 316 என்று ஒன்று இருக்கிறது, மாலிப்டினம் கலந்தது, உப்பை அதிகம் தாங்கும். விலை கூடுதல், அதனால் போல்ட்டுக்கு மட்டும் அதை வாங்கலாம். அலுமினியக் குழாய் நல்லதுதான். ஆனால் அலுமினியத்தில் இரும்பு போல்ட்டை நேரடியாக முடுக்கி உப்புத்தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். நடுவில் நைலான் வாஷர் கொடுக்க வேண்டும். பால்பேரிங் பக்கமே போக வேண்டாம். மணலும் உப்பும் சேர்ந்து ஒரு மாதத்தில் இறுகிவிடும். அச்சைச் சுற்றிப் போடுகிற நைலான் வளையம், புஷ் என்பார்கள், அது போதும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பிவிசி பைப்பில் செய்யச் சொல்லி யாராவது வருவார்கள். மலிவுதான், ஒரு மாதிரி செய்து பார்க்க அருமையான பொருள். ஆனால் நம் ஊர் வெயிலில் நாள்பட்டுக் கிடந்தால் மொறுமொறுப்பாகி உடையும்.

ராம்நாடு ஃபிசியோ · திங்கள் காலை

சகோதரி, பொருளைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு அதன் கிண்ணத்தை விட்டு மெல்ல நகர்கிறது. ஆரம்பத்தில் வலியே இருக்காது. கால் பின்னிக்கொள்கிற குழந்தைக்கு அதைப் பார்க்காமல் எந்தக் கருவியும் செய்யக் கூடாது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டலாம்.

அடுத்து, அந்த முகாம் வாக்கர் அவளுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். காரணம் மணல் மட்டும் இல்லை. நம் வீட்டு நடைவண்டியை நினைத்துப் பாருங்கள். குழந்தை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு ஓடும். கால் இறுக்கம் உள்ள குழந்தைக்கு முன்னால் பிடி கிடைத்தால் உடம்பு முழுவதும் அதன்மேல் சாய்ந்துவிடும். இடுப்பு மடங்கும், முழங்கால் மடங்கும், நுனிக்காலில் எம்பும். வண்டி முந்திக்கொண்டு ஓட, குழந்தை பின்னால் இழுபடும்.

இதற்காகவே பின்பக்க வாக்கர் என்று ஒன்று உண்டு. நடைவண்டியைத் திருப்பிப் போட்டது போல. சட்டம் குழந்தையின் முதுகுப் பக்கம், கைப்பிடி இரண்டும் இடுப்பை ஒட்டி இரு பக்கமும், முன்புறம் முழுக்கத் திறந்திருக்கும். அவள் நிமிர்ந்து நடப்பாள், வண்டி பின்னால் வரும். பின்சக்கரம் முன்னோக்கி மட்டும் சுற்ற வேண்டும். பின்னால் சாய்ந்தால் உருளாமல் தாங்க வேண்டும். கைப்பிடி உயரம், நேராக நிற்கும்போது மணிக்கட்டு வரும் இடம், முழங்கை லேசாக மடங்கியபடி. மூன்று நான்கு அங்குலம் உயர்த்திக்கொள்ள வழி வையுங்கள். இந்த வயதில் வளர்த்தி வேகமாக இருக்கும்.

பனைமரத்துப் பட்டறை · திங்கள் மதியம்

முன்னே மட்டும் சுற்றுகிற சக்கரம் என்றால் சைக்கிள் ஃப்ரீவீல்தானே? பழைய சைக்கிள் கடையில் கிடைக்கும். அதைச் சக்கரத்தோடு கோத்துக் கொடுத்துவிடலாம்.

நான் உச்சிப்புளி பக்கம் மர வேலை செய்கிறவன். தாத்தா காலத்திலிருந்து நடைவண்டி செய்த வீடு எங்களுடையது. ஒன்று சொல்ல வேண்டும். காற்று அடிக்கிற டயர் போட நினைக்காதீர்கள். மண்டபம் பக்கம் எந்தப் பாதையில் சீமைக்கருவேலம் இல்லை? அந்த முள் லாரி டயரையே பதம் பார்க்கும்.

முத்துச்சிப்பி · திங்கள் இரவு

எக்ஸ்ரே எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மறுபடி எடுக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்த வாரமே போகிறேன்.

மூன்று சக்கரம் · செவ்வாய் காலை

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 46. இரண்டு வயதில் போலியோ. எல்லோரும் நல்ல மனதோடு பேசுகிறீர்கள், அதனால்தான் நானும் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

என்னை நடக்க வைத்துவிட வேண்டும் என்று என் வீட்டில் ஏங்கினார்கள். எண்ணெய், கட்டு, நேர்த்திக்கடன், காலிப்பர் என்கிற, காலைத் தாங்கும் இரும்புக் காலணி. அந்தக் காலணியை மாட்டினால் பத்து அடியில் மூச்சு வாங்கும். சக்கர வண்டி வாங்கித் தரச் சொன்னால் "வண்டியில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நடக்கவே மாட்டான்" என்றார்கள். 11 வயது வரை தவழ்ந்தேன். பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர். தவழ்ந்து போக வெட்கம், தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. நாலு வருடப் படிப்பு போனது. 11 வயதில் முதல் மூன்று சக்கர வண்டி கிடைத்த அன்று நான் போன முதல் இடம் கடற்கரை. கூட யாரும் வரவில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் மகள் "நடக்க வேண்டும்" என்று கேட்கவில்லை அம்மா. "நானே வாரேன்" என்று கேட்கிறாள். இரண்டும் ஒன்றல்ல. வாக்கர் செய்யுங்கள், நல்லது. கூடவே அவள் கையாலேயே உருட்டிக்கொண்டு போகிற சக்கர நாற்காலி ஒன்றும் செய்யுங்கள். களைத்த நாளில் அது வேண்டும். பள்ளிக்கு அது வேண்டும்.

ராம்நாடு ஃபிசியோ · செவ்வாய் மதியம்

மூன்று சக்கரம் ஐயா, நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. எங்கள் படிப்பிலும் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள். சின்ன வயதிலேயே சுயமாக நகரக் கிடைத்த குழந்தைக்குப் பேச்சு, விளையாட்டு, தூரம் பற்றிய அறிவு எல்லாம் கூடுகிறது. சக்கரம் கொடுத்தால் நடை கெட்டுவிடும் என்பது பயம் மட்டுமே.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நாள் முழுக்க நாற்காலியிலேயே இருந்தால் கால் தசை மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். நின்று பழகும் நேரம் தினமும் வேண்டும். உட்காரும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்கட்டும், பாதத்துக்குக் கீழே பலகை கட்டாயம். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது, தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் சாய்வாக வர வேண்டும். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

கீழக்கரை வாப்பா · செவ்வாய் இரவு

என் மகனுக்கு இப்போது 9 வயது. அவனுக்குக் கழுத்தே நிற்காது, கையும் முழுதாக வராது. உங்கள் மகளைவிடக் கூடுதல் சிரமம் உள்ளவன். எங்கள் அனுபவத்தையும் எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் கேலோவே என்ற பேராசிரியர் கடையில் விற்கும் பேட்டரி பொம்மைக் காரை இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினார். கோ பேபி கோ என்று பெயர். கால் மிதியைக் கழற்றிவிட்டு, கையால் தட்டினால் ஓடும் பெரிய பொத்தான் வைப்பார்கள். உட்காரும் இடத்தில் முதுகும் பக்கமும் தாங்கும்படி பைப்பும் மெத்தையும். அதைப் பார்த்துத்தான் மகனின் 5 வயதில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து ஒன்று செய்தோம். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ், என் கையில் ஒரு நிறுத்தும் பொத்தான். இந்த இரண்டும் இல்லாமல் யாரும் செய்யாதீர்கள்.

முதல் நாள் பொத்தானைத் தட்டியதும் கார் நகர்ந்தது. அவன் கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். கார் நின்றது. மறுபடி தட்டினான். தன்னால்தான் அது நகர்கிறது என்று அவனுக்குத் தெரிந்த நொடி அது. அவன் உம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

மணலில் அது ஓடாது, பிளாஸ்டிக் சக்கரம் வழுக்கிச் சுற்றும். தெருவுக்கும் முற்றத்துக்கும் மட்டும். மணலில் சக்கர நாற்காலியைக் கொண்டுபோக எனக்குத் தெரிந்த ஒரே வழி, திருப்பிப் பின்பக்கமாக இழுப்பது. தள்ளினால் முன்னால் உள்ள சின்னச் சக்கரம் உழுதுகொண்டு புதையும், இழுத்தால் பெரிய சக்கரம் முதலில் ஏறிவிடும்.

வள மையம் · புதன் காலை

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். மகளுக்கு யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் ஒருமுறை வாங்கினால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி. ஆனால் 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அது ஒரே வருடம்தான். குழந்தை வளரும் என்பதற்காகத்தான் அந்தச் சலுகை. பலருக்கு இது தெரியாமல் பழைய அளவிலேயே குழந்தைகள் தவிக்கிறார்கள். கான்பூரில் இருக்கும் செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகம் பெருமூளை வாதக் குழந்தைகளுக்கென்றே தனி நாற்காலி செய்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அளவெடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பள்ளிக்கும் தெருவுக்கும் அது ஆகும். கடற்கரைக்கு நீங்கள் செய்யும் வண்டியையும் விட்டுவிடாதீர்கள்.

முத்துச்சிப்பி · 3 வாரம் கழித்து

நடந்ததைச் சொல்கிறேன். எக்ஸ்ரே எடுத்தோம். இடது இடுப்பு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, இன்னும் மோசமாகவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். இரவில் கால் அகட்டி வைக்க ஒரு தலையணை. இங்கே கேட்காமல் இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். ஃபிசியோ அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாற்காலிக்கும் மனு கொடுத்தாயிற்று.

பைபர் படகு தம்பி சொன்ன தேதிக்கு வண்டியோடு வந்தார். நீல நிறம், மீன் படம் வரைந்து, பக்கத்தில் அவள் பெயர் எழுதி. அழகுக்கு ஒரு குறையும் இல்லை. மகள் பிடித்து நின்றாள். இழுத்தாள். வரவில்லை. எடை போட்டோம், 6 கிலோ 200 கிராம். அவளே பன்னிரண்டரை கிலோதான்.

பைபர் படகு · அதே நாள்

தப்பு என்னுடையது. படகுக்கு ஒட்டுகிற பழக்கத்தில் நாலு மேட், அதாவது நாலு அடுக்கு பைபர் விரிப்பு, வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததைப் பார்த்த பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுபடி செய்கிறேன்.

ராம்நாடு ஃபிசியோ · அதே நாள் இரவு

தம்பி, மனம் தளர வேண்டாம். எடை என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வந்த சிக்கல். நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் ஹைதராபாத்தில் ஏவுகணை வேலையில் இருந்தபோது, நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவருடைய ஆய்வகத்துக்கு வந்தார். அக்னி ஏவுகணைக்கென்று செய்திருந்த இலகுவான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே சின்னப் பிள்ளைகள் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலணியோடு காலை இழுத்துக்கொண்டு இருந்தார்கள். அதே பொருளில் 300 கிராமில் காலணி செய்து கொடுத்தார்கள். அதைப் பற்றி அவர் மேடைகளில் மகிழ்ச்சியோடு பேசியிருக்கிறார்.

சட்டத்துக்கு அலுமினியக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள். பைபரை, களைத்தால் உட்காருகிற மடக்கு இருக்கைக்கு மட்டும், ஒரே மேட்டில். விளிம்பை நன்றாகத் தேய்த்துப் பூச்சு கொடுங்கள், நூல் வெளியே நின்றால் தோல் அரிக்கும்.

பனைமரத்துப் பட்டறை · மறுநாள்

சக்கரத்துக்கு வழி கிடைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற மிதி இல்லாத சைக்கிளுக்கு 12 இஞ்ச் ஃபோம் டயர் வருகிறது. காற்று கிடையாது, முள் குத்தினாலும் கவலை இல்லை, எடையும் குறைவு. ஒரு பக்கத்துக்கு இரண்டை ஒட்டிச் சேர்த்தால் அகலம் கிடைக்கும். அகலம் கூடினால் மணல் மேல் அழுத்தம் குறையும், புதையாது.

முத்துச்சிப்பி · 2 வாரம் கழித்து

இரண்டாவது வண்டி 2 கிலோ 700 கிராம். நடக்கிறாள்! வீட்டுக்குள், திண்ணையில், ஈர மணலில். அலை வந்து போன ஈர மணல் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கும், அங்கே சக்கரம் அழகாக உருள்கிறது. ஃப்ரீவீல் டிக் டிக் என்று சத்தம் போடுவது அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சத்தம் கேட்டாலே அவள் வருகிறாள் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். தினமும் நல்ல தண்ணீரில் கழுவ எங்களுக்குக் கட்டுப்படியாகாது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை ஃப்ரீவீலுக்கு எண்ணெய் விடுகிறேன்.

ஆனால் வீட்டு வாசலிலிருந்து ஈர மணல் வரை 45 அடி காய்ந்த மணல். அதில் மட்டும் இன்னும் முடியவில்லை. சக்கரம் புதையவில்லை, அவள் கால்தான் புதைகிறது. பத்து அடியில் களைத்து உட்கார்ந்துவிடுகிறாள்.

மூன்று சக்கரம் · அதே நாள்

அப்படியானால் இனி வண்டியை மாற்றாதீர்கள், தரையை மாற்றுங்கள். சென்னை மெரினாவில் 2022-ல் எங்களுக்காக மரப்பாதை போட்டார்கள். நான் போய் அலையில் கால் நனைத்துவிட்டு வந்தேன். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி சரிசெய்தார்கள். 45 அடி பெரிய வேலை இல்லை.

கீழக்கரை வாப்பா · அதே நாள்

பழைய வலையை இரண்டு மடிப்பாக விரித்தால் என்ன?

ராம்நாடு ஃபிசியோ · அதே நாள்

வலை வேண்டாம். நுனிக்காலில் நடக்கிற குழந்தை, விரல் கண்ணியில் மாட்டும்.

பனைமரத்துப் பட்டறை · மறுநாள்

பனங்கை இருக்கிறதே! எங்கள் பட்டறையில் ஓட்டுவீடு பிரித்த பழைய பனங்கை அடுக்கிக் கிடக்கிறது. எண்பது வருடம் கூரையில் இருந்த வைரம் பாய்ந்த மரம், கடற்காற்று அதை ஒன்றும் செய்யாது. மூன்றடி நீளத்துக்கு அறுத்து, இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, படகுக் கயிற்றில் நெருக்கமாகக் கோத்தால் பாய் மாதிரி சுருட்டலாம். ஆறடிக்கு ஒரு சுருள். கச்சான் காற்றில் மணல் மூடினால் தூக்கி உதறிவிட்டு மறுபடி விரித்துக்கொள்ளுங்கள். பனஞ்சிராய் காலில் ஏறினால் பொல்லாதது, அதனால் மேல்பக்கம் முழுக்க இழைத்துத்தான் கொடுப்பேன். பிள்ளைக்குச் செருப்பு கட்டாயம்.

முத்துச்சிப்பி · 12 நாள் கழித்து

எட்டு சுருள் வந்தது. நேற்று விடியற்காலையில் அவள் அப்பாவும் பக்கத்து வீட்டுப் பையன்களும் சேர்ந்து விரித்தார்கள். அப்புறம் அவர் கடலுக்குப் போய்விட்டார்.

இன்று காலை ஏழு மணிக்குப் படகு தெரிந்தது. வாசலில் வண்டியைப் பிடித்து நின்றாள். நான் பின்னால் போனேன், தொடவில்லை. நடுவில் இரண்டு முறை மடக்கு இருக்கையில் உட்கார்ந்தாள். 45 அடிக்குப் பதினெட்டு நிமிடம். ஈர மணலில் இறங்கியபோது படகு கரை தட்டியது. அவள் அப்பா வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். "நீங்க வேலையப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டாள்.

வழக்கம்போல அவளுக்கென்று நாலு நகரை மீனை நீட்டினார். வாங்க முடியவில்லை, இரண்டு கையும் பிடியில். மீனை நான் வாங்கிக்கொண்டேன். அதற்கு இப்போது வரை கோபம். வண்டியில் மீன் வைக்க இடம் வேண்டுமாம், நாளைக்கே வேண்டுமாம்.

ராம்நாடு ஃபிசியோ · அரை மணி நேரம் கழித்து

மூன்று முறை படித்தேன். முன்னால் எதுவும் தொங்கவிடாதீர்கள், சாய்ந்துவிடுவாள். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நடுவில், தாழ்வாக. அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

பனைமரத்துப் பட்டறை · ஒரு மணி நேரம் கழித்து

பனையோலைக் கொட்டான் போதும், தண்ணீர் வடிந்துவிடும், எடையே தெரியாது. எங்கள் அம்மா இப்போதே ஓலையை நனைக்கப் போட்டுவிட்டார்கள். பின்சட்டத்தின் அகலம் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். மூடி வேண்டுமா என்று பிள்ளையிடம் கேட்டுச் சொல்லுங்கள், காகம் தூக்கிவிடும்.